செல்ஃப் எடுக்காத சிவப்பு வண்டி

என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுப் பழைய இரும்பைக் காந்தம் மாட்டிய கிரேனால் அள்ளி உலைப் பக்கம் கொட்டுகிற வேலை. கன்டெய்னரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பார். தண்டவாளத் துண்டு இருக்கும், சைக்கிள் இருக்கும், வாஷிங் மெஷின் டிரம் இருக்கும். ஒருநாள் காந்தத்தை மேலே தூக்கியபோது கம்பிகளோடு கம்பியாக ஒரு குட்டி வண்டியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நாலு தடித்த டயர், பைக்கில் இருப்பதுபோல ஹேண்டில்பார், சிவப்பு பிளாஸ்டிக் உடம்பு. வெளிநாட்டில் பிள்ளைகள் மண்ணில் ஓட்டி விளையாடுகிற வண்டி. அதை உலைக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ஓரமாக இறக்கிவைத்து, ஷிஃப்ட் முடிந்ததும் சூப்பர்வைசரைக் கெஞ்சி, இரும்பு எடைக்கு வாங்கி, மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"இன்னாங்க இது, குப்பையெல்லாம் ஊட்டுக்குத் தூக்கினு வர்றீங்க?" என்றேன்.

"குப்பையா? ஃபாரின் வண்டிமே. பாப்பாவுக்கு."

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரே பிள்ளை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உட்கார்ந்தாள், இறங்கினாள், மறுபடி உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னாள்.

நான் அப்போது தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியில் இருந்தேன். கார்களுக்கு உள்ளே ஓடுகிற ஒயர்களையெல்லாம் அளவு பார்த்து வெட்டி, முனையில் கிளிப் அடித்து, ஒரே கட்டாகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. ஹார்னஸ் என்போம். லைன் முழுக்கப் பெண்கள்தான். எந்த நிற ஒயர் எங்கே போகும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் வந்துவிடும். அதனால் வண்டியைப் பங்கு பிரித்துக்கொண்டோம். எஞ்சின் அவருக்கு, ஒயர் எனக்கு. அவர் கார்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறப்போட்டார். நான் அறுந்துபோன ஒயர்களைக் கண்டுபிடித்து மாற்றினேன். சாவி இல்லாத வண்டி. சாவி போடுகிற இடத்தில் வீட்டு லைட் சுவிட்ச் ஒன்றை வைத்துக் கட்டினேன். அவர் எங்கேயாவது டேப் சுற்றினால் கடைசியில் நுனியைக் கொஞ்சம் மடித்து நீட்டி விட்டுவிடுவார்.

"இப்டி வுட்டா எங்க கம்பெனில பீஸைத் தூக்கி மூஞ்சில போடுவாங்க" என்பேன்.

"திரும்பப் பிரிக்கணும்னா இன்னா பண்ணுவ? நகத்தால சுரண்டினு கெடப்பியா?" என்பார்.

அந்த வண்டிக்கு உதைக்கிற கிக்கர் கிடையாது. செல்ஃப் மட்டும்தான். இடதுகைப் பக்கம் ஒரு பச்சைப் பொத்தான். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அதை அமுக்கினால்தான் செல்ஃப் மோட்டார் சுற்றி எஞ்சின் எடுக்கும். முதல் தடவை அது எடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவே எங்கள் வாசலில் நின்றது. வீட்டுக்குப் பின்னால் பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டு யாரும் வீடு கட்டாத நிலம் இருந்தது. அதில் அந்தக் கற்களைச் சுற்றிச் சுற்றி எங்கள் மகள் வண்டி ஓட்டினாள். அவர் பின்னாலேயே ஓடினார். நாங்கள் இரண்டு பேரில் ஒருவர் இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது என்பது சட்டம்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச காலம்தான். கோடை லீவில் ஒருநாள் நான் காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், மகள் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். வண்டி எடுக்கவில்லையாம். அவர் தலை நிமிராமல், "செல்ஃப்ல இன்னாவோ கோளாறு. சாயந்தரம் பாக்கறேன்" என்றார்.

நான் பார்க்கிறேன் என்றேன். "நீ நின்னுனே வேல செஞ்சிட்டு வர்ற. வுடு. நான் பாத்துக்கறேன்" என்றுவிட்டார். அப்புறம் கேட்கும்போதெல்லாம் சாயந்தரம் பாக்கலாம் என்பதுதான் பதில். மகளும் ஆச்சரியமாக அடம்பிடிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் திறந்தது. வண்டி பின்பக்கத் தகரக் கொட்டகையில் நின்றது. எனக்கும் அது மறந்தேபோனது.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள், வேலையில் இருக்கும்போது சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு ஆபீஸ் போனைக் கொடுத்தார். ஆலையிலிருந்து பேசினார்கள். அவர் கிரேன் கேபினிலேயே சாய்ந்துவிட்டார். காந்தம் இரும்போடு அப்படியே நடுவானில் நின்றிருக்கிறது. கீழே இருந்தவர்கள் கத்திக் கூப்பிட்டும் பதில் இல்லாமல் மேலே ஏறிப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செங்குத்து ஏணியில் அவரைக் கயிறு கட்டித்தான் இறக்கினார்களாம். சென்னைக்கு ஆம்புலன்ஸில் போகும்போது வலது கை என் மடியில் ஈரத் துணி மாதிரி கிடந்தது. அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ரத்தக் கொதிப்பு இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

உயிர் பிழைத்தது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. "நாம சொல்றது அவருக்குப் புரியும். அவருக்கு சொல்லத்தான் வராது" என்றார் டாக்டர். சில பேருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிடுமாம். ஆஸ்பத்திரியில் அவர் முதன்முதலாக வாயைத் திறந்து சொன்ன வார்த்தை "சாயந்தரம்."

எதைக் கேட்டாலும் அதுதான். தண்ணி வேண்டுமா, சாயந்தரம். வலிக்கிறதா, சாயந்தரம். கோபம் வந்தால் அதையே கத்துவார். மகள் பள்ளியிலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் அதையே மெதுவாகச் சொல்வார். தான் சொல்ல நினைத்தது வேறு, வாயிலிருந்து வந்தது வேறு என்பது அவருக்கே கேட்கும். கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். இடது கையில் எழுதச் சொல்லிப் பார்த்தோம். எழுத்தும் வரவில்லை.

நான் வேலைக்குப் போயே ஆக வேண்டும். பழவேற்காட்டிலிருந்து வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்த பாய் வீட்டம்மா பகலில் அவரைப் பார்த்துக்கொண்டார். அந்த அம்மா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஏதாவது கதை பேசிக்கொண்டிருப்பார். சாயங்காலம் நான் வந்து அவரைப் பின்பக்கம் நாற்காலியில் உட்கார வைப்பேன். அங்கே இருந்தால் கொட்டகையும் வண்டியும்தான் தெரியும். அவர் வண்டியைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். இடது கையால் நாற்காலியைத் தட்டுவார். "சாயந்தரம். சாயந்தரம்."

வண்டியை ரிப்பேர் பண்ணு என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். மகளுக்காக ஆசையாகக் கொண்டுவந்தது, பாதியில் நிற்கிறதே என்று அவர் மனசு அடித்துக்கொள்கிறது என்று நினைத்தேன். அவருக்குக் கையைத் தர முடியாது, பேச்சைத் தர முடியாது. இதையாவது செய்யலாம் என்று தோன்றியது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே தள்ளினேன். பொத்தானை அமுக்கினேன். சின்னச் சத்தம்கூட இல்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டி, முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். பல்பில் இரண்டு ஒயர் கட்டி வைத்துப் பார்த்தேன். சிவப்பாக மினுக்கென்றது, அவ்வளவுதான். கழற்றி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடையில் சார்ஜுக்குப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு பேட்டரியை மாட்டினேன். இப்போது முன்லைட் பளிச்சென்று எரிந்தது. பொத்தானை அமுக்கினால் பழையபடி ஒன்றுமில்லை. அப்படியென்றால் பேட்டரி காரணமில்லை. பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர் ரிலே என்கிற சின்ன டப்பாவுக்குப் போய், அங்கிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும். பொத்தானை அமுக்கும்போது ரிலே 'டக்'கென்று உள்ளே ஒட்டிக்கொண்டு மோட்டாருக்குக் கரண்டை விடும். அந்த டக் சத்தமே வரவில்லை. வண்டி கியரில் இல்லை என்று பார்த்துவிட்டு, ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டேன். தீப்பொறி தெறித்தது. மோட்டார் சர்ரென்று சுற்றியது.

நாற்காலியிலிருந்து அலறல் வந்தது. "சாயந்தரம்! சாயந்தரம்!"

தீப்பொறியைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "ஒண்ணுமில்லங்க. மோட்டார் நல்லாக்குது. பாத்தீங்களா? கொஞ்சம்தான் பாக்கி" என்று சிரித்தேன். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். எச்சில் வழிந்தது. போய்த் துடைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

ரிலேக்கு நேராகச் சின்ன ஒயரில் கரண்ட் கொடுத்தேன். டக்கென்றது. ரிலேயும் நல்லாயிருந்தது. அப்போது மிச்சமிருப்பது பிரேக் சுவிட்ச், பச்சைப் பொத்தான், இரண்டுக்கும் ரிலேக்கும் நடுவில் ஓடுகிற ஒயர். பிரேக் சுவிட்சைத் திறந்தால் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. இதுதான், இதுதான் என்று மகளிடம் சொன்னேன். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். தேய்த்து மாட்டி அவளையே அமுக்கச் சொன்னேன். அவள் அமுக்கத் தயங்கினாள். அமுக்கினாள். ஒன்றுமில்லை. அவள் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன், காணோம். அதைப் பற்றி யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை.

அவர் இடது கையை நீட்டி நீட்டி சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவை சீட்டில் உட்கார வை என்கிறார் என்று நினைத்து அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்துக் கீழே விழுந்துவிட்டார். நானும் பாய் வீட்டம்மாவும் சேர்ந்துதான் தூக்கினோம். "இன்னாமா, மனுஷன் இவ்ளோ துடிக்கிறாரு. அந்த வண்டிய சட்டுனு எடுத்துக் குடுத்துடு" என்றார் அந்த அம்மா. அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது.

அதற்கு அடுத்த ஞாயிறு பொத்தானைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே செம்புத் தகடு பளபளவென்று இருந்தது. அதை மூடிவிட்டு, மகளிடம் பிரேக்கைப் பிடித்துப் பொத்தானை அமுக்கச் சொல்லி, பொத்தானிலிருந்து வெளியே வரும் ஒயரில் பல்பை வைத்தேன். எரிந்தது. அதே ஒயர் ரிலேயில் போய்ச் சேருகிற முனையில் வைத்தேன். எரியவில்லை. ஆக, நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட ஒயர். ஹேண்டில்பாரிலிருந்து கையால் தடவிக்கொண்டே வந்தேன். சீட்டைக் கழற்றினேன். சட்டக் குழாய் வளைகிற இடத்தில் ஒயர் கட்டைப் பிரித்தேன்.

தேய்ந்து அறுந்த ஒயர் இல்லை. எலி கடித்ததும் இல்லை. கட்டிங் பிளேயர் வைத்து நேராக வெட்டியிருந்தது. இரண்டு முனையையும் தனித்தனியாக மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, கட்டுக்குள்ளேயே செருகி வைத்திருந்தது. டேப்பின் கடைசி நுனி மடித்து நீட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

"நீங்களா வெட்டுனீங்க? எதுக்குங்க?"

அவர் வாயைத் திறந்து, அந்த வார்த்தை வரும் என்று தெரிந்து மூடிக்கொண்டார். பேசியது மகள்தான். கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான்தாம்மா. என்னாலதாம்மா."

அந்தக் கோடை லீவில், நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தபோது அவளே சுவிட்சைப் போட்டு வண்டியை எடுத்திருக்கிறாள். பிளாட்டைச் சுற்றியவள், சுற்றி அலுத்து, தார் ரோட்டுக்குப் போய்விட்டாள். ஆலைக்கு லாரி போகிற ரோடு. எதிரே இரும்பு லாரி. டிரைவர் பிரேக் அடித்ததில் லாரி ரோட்டை விட்டு இறங்கிப் புழுதிக்குள் நின்றதாம். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த அவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"நைனா என்ன அடிக்கலம்மா. ரோட்டோரமா அப்டியே உக்காந்துனாரு. அம்மாகிட்ட சொல்லாத, அது பயந்து செத்துடும், நான் பாத்துக்கறேன்னு சொன்னாரு."

அவளை நான் அடிப்பேன் என்று அவருக்குத் தெரியும். அடித்திருப்பேன். அதனால் ஒயரை வெட்டி, செல்ஃப் கோளாறு என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டார். பாப்பா கொஞ்சம் வளரட்டும், அப்புறம் டேப்பைப் பிரித்துச் சேர்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அது என் ஊகம்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

நான் ஞாயிறு தவறாமல் அவர் முன்னால் உட்கார்ந்து அந்த வண்டியை உயிர்ப்பிக்கப் பார்த்தேன். அவருக்கு ஒரு சந்தோஷத்தைத் தேடுவதாக நினைத்துக்கொண்டேன். அவரோ அத்தனை ஞாயிறும் அந்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நிறுத்து என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல்.

அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். "புரிஞ்சிடுச்சுங்க. தொட மாட்டேன். சத்தியமாத் தொட மாட்டேன்" என்றேன். அவர் இடது கை என் தலையில் வெகுநேரம் இருந்தது. மகள் வந்து அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஒயர் முனைகளை அவர் வைத்திருந்தபடியே செருகி சீட்டை மாட்டினேன். வண்டி திரும்பக் கொட்டகைக்குப் போனது.

பொங்கல் கழிந்த பிறகு அவர் தடி ஊன்றிக் கொஞ்சம் நடக்க ஆரம்பித்தார். காலை இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்து. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடக்கப் பிடிக்காது அவருக்கு. தெருவில் பார்க்கிறார்கள் என்று கூச்சம். ஒருநாள் சாயங்காலம் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, அவரே கொட்டகைக்குப் போய் நின்று சீட்டைத் தட்டினார். நான் போனேன். வண்டியின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளையைக் காட்டினார். பிறகு கையை முஷ்டியாக மடக்கி, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல் காட்டினார்.

அந்தத் துளை எனக்கும் தெரியும். இந்த மாதிரி வண்டிகளில் பின்னால் ஒரு கயிறு இருக்கும். பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பார்கள். பிள்ளை வேகம் எடுத்தால் ஒரு இழு இழுத்தால் போதும், எஞ்சின் நின்றுவிடும். எங்கள் வண்டியில் அது உடைந்து போயிருந்ததால் முதலிலேயே ஒயரை நேராகச் சேர்த்துவிட்டிருந்தோம்.

"சேக்கட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். தலையை ஆட்டினார். தவறிப்போய் ஆட்டுகிறாரோ என்று மூன்றாவது தடவையும் கேட்டேன். நான் சீட்டைக் கழற்றியதும் என் கையைப் பிடித்து டேப்பின் நுனியில் வைத்தார்.

இழுத்தால் பிரிந்துகொள்கிற மாதிரி ஒரு கனெக்டரை அந்தத் துளையில் வைத்து, தடித்த நைலான் கயிறு கட்டினேன். ஆக்சிலேட்டர் திருகை இறுக்கி, வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாமல் செய்தேன். வீட்டு லைட் சுவிட்சை எடுத்துவிட்டு, சாவி போட்டுத் திருப்புகிற சுவிட்ச் ஒன்றை வைத்தேன். மஞ்சள் ஒயரை முறுக்கிச் சேர்த்தேன். செல்ஃப் ஒரே அமுக்கில் எடுத்தது. மகள் மெதுவாக ஓட்ட, அவர் இடது கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தடியில்லாமல் பின்னால் காலை இழுத்து நடந்தார். நான் அவர் பக்கத்தில், விழுந்தால் பிடிக்கத் தயாராக. முதல் நாள் ஒரு பிளாட்டைச் சுற்றி வரவே அவருக்கு மூச்சு வாங்கியது. நின்றார். கயிற்றை இழுத்தார். எஞ்சின் அணைந்தது. மகள் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா, ரெஸ்ட்டா?" என்றாள். அவர் சிரித்தார். அந்த நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போயிற்று. அதைப் பார்க்க முடியாமல் நான் குனிந்து கல்லைப் பொறுக்குவதுபோல் நின்றேன்.

அந்த வருஷம் பூராவும் அப்படி நடந்தார். கூச்சம் போய்விட்டது. பேச்சு மட்டும் வரவே இல்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது டீ டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போனேன். இந்தத் தடவை ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போக முடியவில்லை. கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் என் மடியிலேயே முடிந்துவிட்டது. பள்ளியிலிருந்து மகளை யார் கூட்டிவந்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் யூனிஃபார்மோடு வாசலில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் அவள் வண்டியைத் தொடவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்குள் கால் நீண்டு, உட்கார்ந்தால் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். வேப்பம்பட்டில் என் அண்ணன் வீட்டுப் பக்கம் குடிபோக முடிவானபோது, ஆரணியிலிருந்து ஒருவர் தன் பிள்ளைகளுக்காக வண்டியைக் கேட்டு வந்தார். கொடுத்துவிடலாமா என்று மகளைக் கேட்டேன். "குடுத்துடும்மா. ஆனா அந்தக் கயித்த எப்டி புடிக்கணும்னு அவருக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "செல்ஃப் எல்லாம் எடுக்குதாம்மா?" என்றார். பேட்டரியை மாட்டிப் பிரேக்கைப் பிடித்துப் பொத்தானை அமுக்கினேன். எடுத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் மகள் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டியை ஏற்றிக்கொண்டு அவர் போன பிறகும் அவள் வெளியே வரவில்லை. நான் கதவைத் தட்டவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.